விட்டதைப் பிடிப்போமா?



தேர்வு அறையில் கடைசி 10 நிமிடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மணி அடிக்கிறது. "எழுதி முடித்தவர்கள் விடைத்தாளை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்" என்று ஆசிரியர் சொல்கிறார். பாதிப் பேர் திருப்பிப் பார்ப்பதே இல்லை. பேனாவை மூடிவிட்டு ஜன்னல் வழியே வெளியே பார்ப்பார்கள். மறுநாள்தான், "ஐயோ சார், பின் பக்கத்தில் இரண்டு கேள்வி இருந்ததைக் கவனிக்கவே இல்லை!" என்று தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

பல ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். விட்டுப் போன கேள்வியால் கலங்கி நின்ற பிள்ளைகள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அதே முகத்தைச் சென்ற கோடை விடுமுறையில் என் வீட்டுக் கூடத்திலேயே பார்த்தேன். அது என் பேரனின் முகம். விட்டுப் போனது கேள்வி அல்ல, ஒரு வீடியோ கேமில் ஒளிந்திருந்த பொருள்கள்!

"வீடியோ கேமைப் பற்றியா இந்தத் தாத்தா எழுதப் போகிறார்?" என்று சிரிக்காதீர்கள். சிரிப்பதற்குக் கடைசியில் ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். அதுவரை பொறுங்கள்!

முடிந்தது... ஆனால் முடியவில்லை!

என் பேரனுக்கு வயது 13. அவன் விளையாடியது, 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' என்ற சாகச விளையாட்டு. ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் உள்ள நின்டெண்டோ நிறுவனம் 2017ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் தேதி இதை வெளியிட்டது.

கதை இதுதான். லிங்க் என்ற வீரன் 100 ஆண்டுத் தூக்கத்திலிருந்து விழித்து எழுகிறான். அவனுக்குப் பழையது எதுவும் நினைவில்லை. ஹைரூல் என்ற அவன் நாடு பாழடைந்து கிடக்கிறது. கேனான் என்ற தீய சக்தி கோட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 100 ஆண்டுகளாக அதைத் தனியாளாய்த் தடுத்துக் கொண்டிருப்பவள் இளவரசி செல்டா. லிங்க் மலை ஏறி, ஆறு நீந்தி, பாராகிளைடரில் பறந்து, கடைசியில் கேனானை வெல்ல வேண்டும்.

பேரன் வென்றுவிட்டான்! வீடே அதிரும்படி ஒரு கூச்சல். பிறகு விளையாட்டை மறுபடி திறந்தான். இறுதிப் போருக்கு முன்பு இருந்த இடத்திலேயே அது அவனைக் கொண்டுபோய் விட்டது. அவன் சேமித்த பதிவின் பக்கத்தில் மட்டும் புதிதாக ஒரு நட்சத்திரம். வரைபடத்தைத் திறந்தான். அதுவரை அங்கே இல்லாத ஒரு எண் மூலையில் தெரிந்தது.

31.25 சதவீதம்!

"தாத்தா, நான் முழுசா முடிச்சிட்டேன். இது என்னடான்னா மூணுல ஒரு பங்குகூடப் பார்க்கலைங்குது!" என்றான். அழாத குறைதான். கணக்கில் 31 மதிப்பெண் வாங்கிவிட்டு, என் மேஜை முன் வந்து நின்ற பையன்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

எதை எல்லாம் விட்டான்?

ஹைரூல் நாட்டில் ஒளிந்திருப்பவை ஒன்றல்ல, இரண்டல்ல. 120 சிற்றாலயங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் உள்ளே ஒரு புதிர் அல்லது போட்டி. ஜெயித்தால் ஓர் உருண்டை கிடைக்கும். 4 உருண்டை சேர்த்தால் லிங்கின் உயிர்பலமோ, மூச்சுப்பலமோ ஒரு படி கூடும்.

அடுத்து கொரோக்குகள். இலையை முகமூடியாக மாட்டிக்கொண்ட குட்டி வனதேவதைகள் இவை. காட்டில், மலை உச்சியில், கூரை மேல், குளத்து நடுவில் என்று எங்கெங்கோ ஒளிந்திருக்கும். கண்டுபிடித்துவிட்டால் "யாஹஹா!" என்று குதித்து வந்து ஒரு விதையைப் பரிசாகத் தரும். மொத்தம் எத்தனை கொரோக்குகள் தெரியுமா? 900!

இவை போக, பெயர் சூட்டப்பட்ட ஊர்கள், ஏரிகள், பாலங்கள், இடிபாடுகள். அந்த இடத்தை நெருங்கினால்தான் அதன் பெயர் வரைபடத்தில் ஏறும்.

கணக்குப் போடுவோமா?

ஒரு கொரோக்கையோ, ஒரு புதிய இடத்தையோ கண்டுபிடித்தால் அந்த எண் எவ்வளவு கூடுகிறது என்று பேரனைப் பார்க்கச் சொன்னேன். 0.08 அளவுக்குக் கூடியது. நோட்டையும் பென்சிலையும் கொண்டுவரச் சொன்னேன்.

ஒன்றுக்கு 0.08 என்றால், 1 சதவீதத்துக்குச் சுமார் 12 பொருள்கள். அவனிடம் இல்லாதது 100 - 31.25 = 68.75 சதவீதம். 68.75-ஐ 12ஆல் பெருக்கினால் 825. ஆக, 800க்கும் மேற்பட்டவை விட்டுப் போயிருக்கின்றன!

இன்னொரு கணக்கு: 900 கொரோக்குகளை 0.08ஆல் பெருக்கினால் 72. அதாவது, அந்த 100 சதவீதத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு கொரோக்குகளிடமே இருக்கிறது. "அதனாலதான் எனக்கு 31!" என்று பேரன் முகம் கொஞ்சம் தெளிந்தது. எதை விட்டோம், எவ்வளவு விட்டோம் என்று தெரிந்ததுமே பாதிப் பயம் போய்விடுகிறது, குழந்தைகளே!

குகைக்குள் போன சிறுவன்

'இப்படி ஒளித்து வைத்து விளையாட்டுக் காட்ட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?' என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு சுவையான கதை உண்டு.

ஜப்பானில் கியோட்டோவுக்கு அருகே சோனோபே என்ற ஊர். அங்கே 1952ஆம் ஆண்டு பிறந்தவர் ஷிகெரு மியாமோட்டோ. சிறு வயதில் ஊரைச் சுற்றியிருந்த வயல், காடு, மலை எல்லாம் அலைந்து திரிவது அவர் வழக்கம். ஒருநாள் ஒரு குகை கண்ணில் பட்டது. உள்ளே ஒரே இருட்டு. முதலில் நுழையத் தயங்கினார். பிறகு துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, விளக்குடன் உள்ளே போய்ப் பார்த்தார். அந்தப் படபடப்பும் வியப்பும் அவர் மனதில் அப்படியே தங்கிவிட்டன.

பெரியவரானதும் நின்டெண்டோவில் சேர்ந்தார். அந்தக் குகை அனுபவத்தை மற்ற குழந்தைகளும் பெற வேண்டும் என்று நினைத்தார். தகாஷி தெசுகா என்பவருடன் சேர்ந்து முதல் செல்டா விளையாட்டை உருவாக்கினார். 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் தேதி அது ஜப்பானில் வெளிவந்தது. எந்தப் புதரை எரித்தால் படிக்கட்டு தெரியும், எந்தப் பாறையை வெடித்தால் குகை திறக்கும் என்று அதில் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். நீங்களே தேட வேண்டும்!

அந்த விளையாட்டிலும் முடித்த பிறகு ஒரு புதையல் இருந்தது. கடைசி எதிரியை வென்றதும் இரண்டாவது சாகசம் தொடங்கும். சுரங்க மாளிகைகளின் அமைப்பு மாறியிருக்கும். பொருள்கள் இடம் மாறியிருக்கும். இது எப்படி வந்தது தெரியுமா? தெசுகா மாளிகைகளை வரைந்தபோது தவறுதலாக இருந்த இடத்தில் பாதியை மட்டுமே பயன்படுத்திவிட்டார். மீதி இடம் காலியாகக் கிடந்தது. 'இது போதும், மீதியில் இன்னொரு சாகசத்தை வைத்துவிடலாம்' என்று மியாமோட்டோ முடிவு செய்தார். ஒரு தவறு, ஒரு பரிசாக மாறிவிட்டது!

2017இல் வந்த விளையாட்டின் இயக்குநர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷி. தயாரிப்பாளர் எய்ஜி அயோனுமா. எவ்வளவு பெரிய நாட்டை உருவாக்கலாம், எதிலிருந்து எது எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்று முடிவு செய்ய ஃபுஜிபயாஷி என்ன செய்தார் தெரியுமா? தமக்கு நன்றாகப் பழகிய கியோட்டோ நகரத்தின் வரைபடத்தை எடுத்து, விளையாட்டின் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தார். நடந்து பழகிய தூரம் என்றால் மனதுக்குச் சட்டென்று பிடிபடும் அல்லவா?

தெரியுமா உங்களுக்கு?

*ஒரு புள்ளிக்குள் ஒரு பெயர்!*

அடாரி என்ற அமெரிக்க நிறுவனம் 1980இல் 'அட்வெஞ்சர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அந்த நாளில் விளையாட்டை உருவாக்கியவரின் பெயரை அந்த நிறுவனம் எங்கும் போடாது. 'அட்வெஞ்சரை' உருவாக்கிய வாரன் ராபினெட்டுக்கு இது வருத்தமாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலை செய்தார். விளையாட்டில் ஓர் இருட்டு வழிக்குள் கண்ணுக்கே தெரியாத ஒரு சாம்பல் நிறப் புள்ளியை ஒளித்து வைத்தார். அதை எடுத்துக்கொண்டு போய்க் குறிப்பிட்ட ஒரு சுவரைக் கடந்தால் ஒரு ரகசிய அறை திறக்கும். அங்கே அவர் பெயர் பளிச்சென்று மின்னும்!

அவர் வேலையை விட்டுப் போன பிறகுதான் இந்த ரகசியம் வெளிப்பட்டது. அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியது ஓர் அமெரிக்கச் சிறுவன். ஈஸ்டர் பண்டிகையில் குழந்தைகள் ஒளித்து வைத்த முட்டைகளைத் தேடுவது போல இருக்கிறதே என்று, இதற்கு 'ஈஸ்டர் முட்டை' என்று பெயர் வந்தது. இன்றும் விளையாட்டுகளில் ஒளிந்திருக்கும் ரகசியத்துக்கு அதுதான் பெயர்!

பேரன் தேடிய கதை

சரி, என் பேரனிடம் வருவோம். முதல் மூன்று நாள் அவன் தேடிய தேடல் இருக்கிறதே... ஒரு மலைக்கு ஓடுவான், அங்கிருந்து பறந்து பாலைவனம் போவான், பாதியில் நினைவு வந்து கடற்கரைக்குத் திரும்புவான். மூன்று நாளில் கிடைத்தது 7 கொரோக்கு. ஒரே மலை உச்சிக்கு நான்கு முறை ஏறியிருக்கிறான். நான்காம் முறைதான், 'இங்கே ஏற்கெனவே வந்தோமே' என்று புரிந்ததாம்!

வீட்டில் சாவி தொலைந்தால் நாமும் இதைத்தானே செய்கிறோம்? பார்த்த அலமாரியையே திரும்பத் திரும்பப் பார்ப்போம். பார்க்காத இடம் பார்க்காமலே கிடக்கும். பிறகு தாத்தாவும் பேரனும் உட்கார்ந்து சில விதிகள் வகுத்தோம். உங்களுக்கும் பயன்படும், இதோ:

*1. நாட்டைப் பிரித்துக்கொள்.* ஹைரூலில் 15 கோபுரங்கள் உண்டு. ஒரு கோபுரத்தின் மேல் ஏறினால் அந்தப் பகுதியின் வரைபடம் திறக்கும். எனவே நாடு தானாகவே 15 பகுதிகளாகப் பிரிந்துதான் இருக்கிறது. ஒரு பகுதியை முடிக்காமல் அடுத்த பகுதிக்குப் போகக் கூடாது. நோட்டில் 15 கட்டம் போட்டான். முடித்த பகுதிக்கு ஒரு 'டிக்'.

*2. உயரத்தில் நின்று பார்.* கீழே ஓடிக்கொண்டே தேடினால் மரம்தான் தெரியும். கோபுரத்தின் உச்சியில் நின்று தொலைநோக்கியால் சுற்றிலும் பார்த்தால், எங்கே ஒளி தெரிகிறது, எங்கே புகை வருகிறது என்று புரியும். பார்த்ததும் வரைபடத்தில் குறி வைத்துவிட வேண்டும். நட்சத்திரம், பெட்டி, மண்டை ஓடு என்று குறிகள் உண்டு. மொத்தம் 100 குறிகள் வைக்கலாம். 'நினைவில் வைத்துக்கொள்கிறேன்' என்பவன் மறந்துவிடுவான்!

*3. பொருந்தாததைத் தேடு.* இதுதான் முக்கியம். கொரோக் இருக்கும் இடத்தில் ஏதாவது ஒன்று இயற்கைக்கு மாறாக இருக்கும். வட்டமாக அடுக்கிய கற்களில் ஒரு கல் மட்டும் குறையும். யாரும் ஏறாத மலை உச்சியில் தனியாக ஒரு கல் கிடக்கும், தூக்கினால், "யாஹஹா!" வரிசையாக நிற்கும் கற்சிலைகளின் முன்னே கிண்ணங்கள் இருக்கும், எல்லாவற்றிலும் ஆப்பிள், ஒன்றில் மட்டும் இல்லை. குளத்தில் அல்லி இலைகள் வட்டமாக மிதக்கும். அந்த வட்டத்துக்குள் குதிக்க வேண்டும். புல்வெளியில் ஒரே ஒரு மஞ்சள் பூ, தொட்டால் வேறு இடத்துக்கு ஓடும். காற்றாடி ஒன்று ஆளில்லாத இடத்தில் சுற்றும். வானம்பாடி பார்த்துக்கொண்டு ஓடினால் இவற்றில் ஒன்றும் கண்ணில் படாது.

*4. காதையும் பயன்படுத்து.* லிங்கின் கையில் உள்ள பலகைக் கருவி, சிற்றாலயம் பக்கத்தில் இருந்தால் ஒலி எழுப்பும். திரும்பும் திசைக்கு ஏற்ப ஒலி கூடும், குறையும். காஸ் என்ற பறவைப் பாடகர் ஒருவர் அங்கங்கே அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருப்பார். தூரத்திலேயே இசை கேட்கும். அவர் பாடும் பழம்பாட்டில், மறைந்த சிற்றாலயத்துக்கு ஒரு துப்பு இருக்கும்.

*5. பாலத்தின் மேல் நட.* பறக்கத் தெரிந்துவிட்டால் யார் நடக்கிறார்கள்? ஆற்றைப் பறந்து தாண்டியவன் பாலத்தின் பக்கமே போயிருக்க மாட்டான். அதனால் 99 சதவீதம் வந்த பிறகும் பலருக்கு விட்டுப் போவது பாலங்களின் பெயர்தான்!

*6. எங்கே போகவில்லை என்று பார்.* 2017 ஜூன் மாதம் இந்த விளையாட்டுக்குத் தனியாக விலை கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதி ஒன்று வந்தது. அதில் ஒரு வசதி உண்டு. கடைசி 200 மணி நேரம் லிங்க் நடந்த பாதை முழுவதையும் வரைபடத்தில் கோடாகக் காட்டும். கோடு இல்லாத இடம்தான் நீங்கள் காலே வைக்காத இடம்! கொரோக் பக்கத்தில் வந்தால் ஆடி அசையும் ஒரு முகமூடியும் அதில் கிடைக்கும். என் பேரனிடம் அந்தக் கூடுதல் பகுதி இல்லை. அதனால் என்ன? ஒரு டிரேசிங் தாளில் வரைபடத்தை வரைந்து, தினமும் போன வழியைச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டான். வெள்ளையாக இருந்த இடத்துக்கு மறுநாள் பயணம்!

இதற்கெல்லாம் மேலே தாத்தா போட்ட ஒரு விதியும் உண்டு. நாளைக்கு ஒரு மணி நேரம்தான். கடிகாரத்தில் அலாரம் அடித்தால், சேமித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். ஆரம்பத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிறகு, 'இன்றைக்கு எந்தப் பகுதி' என்று காலையிலேயே திட்டம் போட்டு வைத்துக்கொள்ளப் பழகினான். மூன்று நாளில் 7 பிடித்தவன், அடுத்த மூன்றே நாளில் 30ஐத் தாண்டினான்.

"தாத்தா, எல்லாத்துக்கும் விடை வீடியோல இருக்கே, பார்த்துடலாமா?" என்று ஒருநாள் கேட்டான். "பார்க்கலாம், தப்பில்லை. ஆனா, முதல்ல நீயே தேடு. ஒரு பகுதியை இரண்டு முறை சுற்றியும் கிடைக்கலைன்னா, அதுக்கு மட்டும் பாரு" என்றேன். கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இருப்பது சரிபார்க்கத்தான். அதை முதலிலேயே பார்த்துவிட்டால் கணக்குப் போடும் சுகம் போய்விடும் அல்லவா?

900க்கு என்ன பரிசு?

முன்பே சொன்னேனே, சிரிக்க ஒரு விஷயம் இருக்கிறது என்று? இதோ!

கொரோக் விதைகளை ஹெஸ்டு என்ற பெரிய கொரோக்கிடம் கொடுக்க வேண்டும். அவர் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு ஒரு நடனம் ஆடுவார். லிங்கின் பையில் வாள், வில், கேடயம் வைக்க ஓர் இடம் கூடும். இப்படிப் பை முழுவதையும் பெரிதாக்க எத்தனை விதை வேண்டும்? 441 போதும்!

அப்படியானால் மீதி 459 எதற்கு? 900ஐயும் தேடிப் பிடித்து, வியர்க்க விறுவிறுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஹெஸ்டு ஒரு பரிசு தருவார். தங்கமாய் மின்னும் பரிசு. என்ன தெரியுமா? தங்க நிறத்தில்... சுருட்டி வைத்த சாணம் போல ஒன்று! அதை வைத்திருந்தால், எப்போது கேட்டாலும் ஹெஸ்டு ஆடிக் காட்டுவார். அவ்வளவுதான்!

இதைக் கேட்டதும் பேரன் இரண்டு நிமிடம் பேசவில்லை. பிறகு தரையில் உருண்டு உருண்டு சிரித்தான்.

இது ஏமாற்று வேலையா? இல்லை. 900ஐயும் பிடித்தே தீர வேண்டும் என்று உருவாக்கியவர்கள் நினைக்கவே இல்லை. யார் எந்த வழியில் போனாலும், வழியில் சில கொரோக்குகளாவது கண்ணில் பட வேண்டும் என்றுதான் அத்தனை வைத்தார்கள். நம் தெருவில் 10 வேப்ப மரம் இருந்தால், ஒவ்வொன்றின் நிழலிலும் நின்றே ஆக வேண்டும் என்றா நட்டார்கள்? வெயிலுக்கு எங்கே போனாலும் ஒரு நிழல் இருக்கட்டும் என்றுதானே!

அதனால் தாத்தாவும் பேரனும் ஓர் இலக்கு வைத்தோம். கொரோக்குகள் வழியில் கிடைத்தவரை போதும். ஆனால் 120 சிற்றாலயங்களையும் முடித்துவிட வேண்டும். ஏனென்றால் அதற்கு நல்ல பரிசு உண்டு. பழைய செல்டா விளையாட்டுகளில் லிங்க் அணிந்த பச்சை உடையை நினைவூட்டும் ஒரு புது உடை கிடைக்கும்!

119... அப்புறம்?

82 சிற்றாலயத்தில் தொடங்கினான். மே மாதக் கடைசியில் 119 ஆகிவிட்டது. இன்னும் ஒன்றுதான். பள்ளி திறக்க ஒரு வாரமே இருந்தது.

பனிமலையில் தேடினான். எரிமலையில் தேடினான். பாலைவனத்தின் மூலை முடுக்கெல்லாம் போனான். தாளில் வெள்ளை இடமே இல்லை, எங்கும் சிவப்புக் கோடு. ஐந்து நாள் ஓடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. ஆறாம் நாள் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டான். "போதும் தாத்தா, 119ஏ இருக்கட்டும்" என்றான். குரல் கம்மிப் போயிருந்தது.

நான் தாளை எடுத்து நீவி விட்டேன். "போகாத இடம் இல்லைன்னா, போன இடத்துலதான் இருக்கணும். நீ ஓடிக்கொண்டே கடந்து போன ஊர் எது?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "ககாரிகோ..." என்றான். கதையின் தொடக்கத்திலேயே வரும் ஒரு சிற்றூர் அது. அங்கே முதல் நாளே போய், மூதாட்டி இம்பாவைப் பார்த்துவிட்டு, உடனே வெளியே ஓடிவிட்டான்.

அந்த ஊரில் ஒருவரின் 10 கோழிகள் தப்பி ஓடியிருக்கும். பிடித்துத் தரச் சொல்லி அவர் கேட்பார். ஒரு பெண், தன் வீட்டுக்குள் விட 5 மின்மினிப்பூச்சிகள் கேட்பாள். "சாகசத்துக்கு நடுவுல கோழி யாரு பிடிப்பா?" என்று பேரன் கண்டுகொள்ளாமல் போயிருந்தான். இப்போது போனான். கூரை மேலும், வேலிக்குப் பின்னாலும் ஒளிந்த கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தான். இரவில் மெல்ல நடந்து மின்மினிகளைப் பிடித்தான். இப்படி ஊர்க்காரர்களின் சின்னச் சின்ன வேலைகளை முடித்த பிறகு, இம்பாவின் வீட்டில் இருந்த உருண்டை திருடு போய்விட்டது என்று ஊரே பரபரத்தது! இரவில் ஒரு காவலாளியை அவன் அறியாமல் பின்தொடர்ந்து, உருண்டையை மீட்டு, ஊருக்கு மேலே குன்றில் இருந்த பீடத்தில் வைத்தான்.

தரை அதிர்ந்தது. 120ஆவது சிற்றாலயம் மண்ணைப் பிளந்துகொண்டு எழுந்தது!

தோளில் ஆட்டுக்குட்டியை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதைதான். நாடு முழுக்க அலைந்தானே, அது முதல் ஊரிலேயே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் இல்லை. 'எனக்கு நேரமில்லை' என்று சொல்லிவிட்டு வந்த மனிதர்களிடம் இருந்தது.

அன்று அலாரம் அடித்தபோது, நான் சொல்லாமலேயே விளையாட்டைச் சேமித்துவிட்டு எழுந்தான். வரைபடத்தில் எண் 100 ஆகவில்லை. கொரோக்குகள் இன்னும் 500க்கும் மேல் பாக்கி. ஆனால் அவன் முகத்தில் அன்று 31.25ஐப் பார்த்த கலக்கம் இல்லை. கசங்கிய அந்தத் தாளை இஸ்திரி போட்டுத் தரச் சொல்லித் தன் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறான்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்!

குழந்தைகளே, இந்த விளையாட்டு உங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்காது; இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இருந்தாலும் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு இது வேண்டாம். அமெரிக்காவில் 10 வயதுக்கு மேல் என்றும், ஐரோப்பாவில் 12 வயதுக்கு மேல் என்றும் இதற்குத் தரம் குறித்திருக்கிறார்கள். பெரியவர்களைக் கேட்டுவிட்டுத்தான் விளையாட வேண்டும்.

ஆனால் தேடும் வித்தை எல்லோருக்கும் பொது. ஒரு தாளில் உங்கள் தெருவை வரையுங்கள். தினமும் பள்ளிக்குப் போகும் வழியைச் சிவப்பில் கோடு போடுங்கள். எந்த வீட்டு வாசலில் என்ன மரம், அந்த வீட்டுப் பாட்டியின் பெயர் என்ன, மூலைக் கடைக்காரரின் சொந்த ஊர் எது என்று எழுதுங்கள். எத்தனை இடம் வெள்ளையாக நிற்கிறது என்று பாருங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் போய், ஒவ்வொன்றாக நிரப்புங்கள்.

அப்புறம், அடுத்த தேர்வில் கடைசி 10 நிமிடம் வரும்போது ஜன்னலைப் பார்க்காதீர்கள். விடைத்தாளைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் ஒரு கொரோக் ஒளிந்திருக்கலாம்!

யாஹஹா!